வேனில் போன நாடகம்



தலையங்கம் எழுத உட்கார்ந்தபோது மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, நம் கலைக்குழுவுக்கு ஒரு நிதி நிறுவனத்திலிருந்து வந்திருக்கும் கடிதம். மூன்று வருஷத்துக்குப் பணம் தருகிறார்களாம். வேன், மைக் செட், ஆளுக்கு மாசச் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். கடைசிப் பத்தியில் ஒரு வரி: 'சாதி ஒழிப்பு' என்று நாம் எழுதியிருந்த இடத்தில் 'சமூக நல்லிணக்கம்' என்று மாற்றிக்கொண்டால் நல்லதாம். இன்னொரு தாள், ஸ்காட்லாந்தில் 2008ல் மூடப்பட்ட ஒரு நாடகக் குழுவைப் பற்றி நான் எடுத்து வைத்திருந்த குறிப்பு. கடிதத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். குறிப்பு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுற்றிவிட்டுக் கடிதத்துக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவின் பெயர் 7:84. நாடகக் குழுவுக்கு இப்படி ஒரு பேரா என்று, நாள் முழுக்க எண்களோடு மாரடிக்கிற எனக்கே தோன்றியது. பிரிட்டனில் 7 விழுக்காட்டு மக்கள் நாட்டுச் சொத்தில் 84 விழுக்காட்டை வைத்திருக்கிறார்கள் என்று 1966ல் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையில் ஒரு கணக்கு வந்தது. பணக்காரர்கள் படிக்கிற பத்திரிகை போட்ட கணக்கையே பேராக வைத்துக்கொண்டார்கள். போஸ்டர் ஒட்டினாலே பாதிப் பிரச்சாரம் முடிந்தது. 1971ல் இதைத் தொடங்கியவர் ஜான் மெக்ராத். தொலைக்காட்சிக்குப் போலீஸ் தொடர் எழுதிப் பேர் வாங்கியவர். கூடவே அவர் துணைவியார் எலிசபெத் மெக்லென்னன், மைத்துனர் டேவிட் மெக்லென்னன். 1973ல் இங்கிலாந்துக்கு ஒரு குழு, ஸ்காட்லாந்துக்கு ஒரு குழு என்று பிரிந்தார்கள்.

ஸ்காட்லாந்துக் குழு முதலில் எடுத்துக்கொண்டு போன நாடகத்தின் தலைப்பைத் தமிழில் 'செவியட் ஆடு, கலைமான், கன்னங்கரிய எண்ணெய்' என்று சொல்லலாம். மூன்றும் ஒரே கதைதான். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த உழுகுடிகளைவிட, செவியட் சாதி ஆடுகளை மேய்த்தால் வருமானம் அதிகம் என்று நிலப்பிரபுக்கள் கண்டுபிடித்தார்கள். 1814ல் சதர்லாந்து எஸ்டேட்டில் ஸ்ட்ராத்நேவர் என்ற பள்ளத்தாக்கில் ஜனங்களை விரட்டினான் பாட்ரிக் செல்லர் என்ற எஸ்டேட் நிர்வாகி. திரும்பிவந்து குடியேறிவிடக் கூடாது என்று கூரை மரங்களுக்குத் தீ வைத்தார்கள். 1816ல் இன்வர்னெஸ் நகரில் வழக்கு நடந்தது. செல்லர் விடுதலை. அப்புறம் அந்த மண்ணிலேயே ஆடு மேய்த்துப் பணக்காரனானான். ஆட்டுக்குப் பிறகு, சீமான்கள் மான் வேட்டையாடுவதற்காக அந்த நிலம் காலியாகவே கிடந்தது. 1970களில் கடலடியில் எண்ணெய் கண்டதும் அமெரிக்கக் கம்பெனிகள் வந்தன.

அந்த நாடகம் ஊர் ஊராகப் போன அதே 1973ல்தான் கீழவெண்மணி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. 44 உயிர். இவ்வளவு வசதியான மிராசுதார்கள், ஒருத்தர் கார்கூட வைத்திருக்கிறவர், தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்ட தீர்ப்பு. இதற்குமேல் ஒப்பிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே எரிந்தது வேறு, இங்கே எரிந்தது வேறு. ஆனால் எரிந்த கூரையைப் பற்றிய நாடகத்தை எரிந்த ஊருக்கே கொண்டுபோன காரியம் என்னைத் தூங்கவிடவில்லை.

எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதுதான் விசேஷம். நகரத்து அரங்கம் எதையும் நம்பியிருக்கவில்லை. கிராமத்துக் கூடம், பள்ளிக்கூடம், எங்கே நாலு சுவர் இருந்ததோ அங்கே. மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய புத்தகம். ஜான் பைர்ன் என்ற ஓவியர் செய்தது. குழந்தைகள் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினால் வீடும் மரமும் எழுந்து நிற்குமே, அது மாதிரி. பக்கத்தைத் திருப்பினால் மலை, திருப்பினால் குடிசை. ஆட்டம் முடிந்ததும் மூடி வேன் மேலே கட்டிக்கொண்டு அடுத்த ஊர். நடிக்கிறவர்களே சாமான் தூக்கினார்கள், வாத்தியம் வாசித்தார்கள். அந்த மலைநாட்டில் ஊர்ஜனம் ராத்திரி கூடிப் பாடி ஆடிக் கதை சொல்கிற ஒரு பழக்கம் உண்டு, கேய்லி என்பார்கள். நாடகத்தையே அந்த வடிவத்தில் செய்தார்கள். கேலிக் மொழிப் பாட்டு, பிடில், பகடி, நடுவே செத்தவர் பெயர்களும் ஏக்கர் கணக்கும். பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி விழுந்த மொழி அது. முடிந்ததும் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு எல்லாரும் நடனம் ஆடினார்கள். நாடகம் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று யார் சொன்னது? நம் ஆட்கள் சிலர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெக்ராத் 1981ல் ஒரு புத்தகம் போட்டார். நல்ல நாடகம் எது என்று தீர்மானிக்கிறவர்கள் தங்கள் வர்க்கத்தின் ருசியையே உலகத்துக்கெல்லாம் பொதுவான தரம் என்று காட்டிவிடுகிறார்கள் என்பது அதில் அவர் வைக்கும் வாதம். பறை அடித்தால் 'சத்தம்', மிருதங்கம் அடித்தால் 'நாதம்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாடகத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. விரட்டப்பட்ட மலைநாட்டார் கப்பலேறிக் கனடா போனார்கள். போன இடத்தில் அங்கிருந்த ஆதிக்குடிகளின் நிலத்தில் உட்கார்ந்தார்கள், அவர்களை விரட்டினார்கள். நாடகம் இதை மறைக்கவில்லை. தன் ஊர் ஜனத்தின் முன்னாலேயே, 'உன் பாட்டன் அடிவாங்கினான், வாங்கின கையோடு இன்னொருத்தனை அடித்தான்' என்று சொல்லிவிட்டது. சதர்லாந்தின் பேரைத் தாங்கிய 93ஆம் படைதான் 1857ல் லக்னோவில் சிப்பாய்களைக் குத்திச் சாய்த்தது. (அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் மேல்சாதியார் என்பது தனிக்கதை, அதை எடுத்தால் தலையங்கம் முடியாது.) 1854ல் கிரிமியப் போருக்கு ஆள் எடுக்க சதர்லாந்துப் பிரபு வந்து நின்றபோது ஒருத்தனும் முன்வரவில்லை, 'ஆட்டை வைத்துதானே எங்களைத் துரத்தினீர், ஆட்டையே சண்டைக்கு அனுப்பும்' என்றார்கள் என்ற கதையும் நாடகத்தில் உண்டு. இரண்டையும் ஒரே ராத்திரியில் ஒரே கூடத்தில் சொன்னார்கள். நேற்றுவரை பண்ணையாரிடம் உதை வாங்கிவிட்டு இன்றைக்கு நம் தேரை மறிக்கிற சாதிகளைப் பற்றி, அவர்கள் தெருவிலேயே போய் நின்று இப்படி ஒரு நாடகம் போட நமக்குத் தைரியம் இருக்கிறதா? அப்புறம், நமக்குள்ளேயே நாம் யாரை மிதிக்கிறோம் என்பது? அதையும் வைத்துக்கொள்வோம்.

சரி, எப்படி மூடினார்கள்? போலீஸ் வரவில்லை. தடைச் சட்டம் போடவில்லை. 1984ல், தாட்சர் ஆட்சி, சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், பிரிட்டன் கலை மன்றம் ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டது. லண்டனுக்கு வெளியே வட்டாரங்களுக்குக் கலையைக் கொண்டுபோகப் போகிறார்களாம். அந்த நடவடிக்கையிலேயே, வட்டாரம் வட்டாரமாகப் போய்க்கொண்டிருந்த இங்கிலாந்து 7:84க்கு மானியம் நின்றது. குழு போயிற்று. 1988ல் ஸ்காட்லாந்துக் குழுவின் மானியத்துக்கும் ஆபத்து வந்தது. மெக்ராத் ராஜினாமா செய்தார். குழு வேறு கைகளுக்கு மாறிப் பேரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடியது. பழைய காரம் இருந்ததா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். மெக்ராத் 2002ல் இறந்தார். 2006ல் அந்த மானியமும் நிறுத்தப்பட்டது. 2008ல் கதவு சாத்தியாயிற்று.

இப்படிச் சாத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஏழெட்டு வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு பறையாட்டக் குழு வந்தது. ஆறு பேர். பழைய வேன் ஒன்று வாங்கக் கடன் கேட்டார்கள். பஸ்ஸில் பறையை ஏத்தவிட மாட்டேங்கறாங்க தம்பி, ஏத்தினாலும் சாவு மேளம்னு மூஞ்சி சுளிக்கிறாங்க என்றார் பெரியவர். மேலாளர் கெட்டவர் இல்லை. உட்கார வைத்துப் பேசினார், டீ வரவழைத்தார். 'வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை' என்ற கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்தவன் நான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. பெரியவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் குழு இப்போது இல்லை. நான் அன்று என் சாதியைக்கூட அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே மானியமே தீட்டு என்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 7:84 வாங்கியது மக்கள் கட்டிய வரிப்பணம். வாங்கினதில் வெட்கமில்லை. அந்தப் பணம் இல்லாமல் வேன் நகர்ந்திருக்காது, முப்பது மைல் தள்ளி இருக்கிற தீவுக்காரன் நாடகம் பார்த்திருக்க மாட்டான். 1993ல் அசின்ட் பகுதிக் குடியானவர்கள் தாங்கள் குத்தகைக்கு இருந்த எஸ்டேட்டைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். 1997ல் எய்க் தீவுக்காரர்கள். 2003ல் நிலச் சீர்திருத்தச் சட்டமே வந்தது. இதெல்லாம் நாடகத்தால் வந்தது என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் அந்த ஊர்க் கூடங்களில் இருபது வருஷம் முன்பே ஏக்கர் கணக்கை உரக்கச் சொல்லியிருந்தார்கள்.

நம் விஷயம் அதுவல்ல. நமக்கு வந்திருப்பது வரிப்பணமும் இல்லை, கேள்வி கேட்க சட்டமன்றமும் இல்லை. நாளைக்கு நிறுத்தினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இன்னொன்று, 7:84க்குப் பேரை மாற்றச் சொல்லி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நமக்கு முதல் கடிதத்திலேயே ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் வந்தால் நம் குழுவில் மூன்று பேர் கல் உடைக்கப் போகாமல் ஒத்திகைக்கு வருவார்கள் என்பதும் உண்மை. சம்பளம் வாங்குகிற நான் அதை லேசாகப் பேசக் கூடாது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் குழுக் கூட்டம். சந்தாதாரர்களும் வரலாம். சொல்லை மாற்றக் கூடாது, வேனை மட்டும் நாமே வசூல் செய்து வாங்கலாம் என்று நான் பேசப்போகிறேன். தோற்றாலும் தோற்பேன். எந்த முடிவானாலும் பதில் கடிதத்தை எழுதுகிற வேலையை எனக்கே கொடுத்திருக்கிறார்கள், பிழையில்லாமல் டைப் அடிப்பேன் என்பதால்.