எந்த மாதத்தில் தொடங்கும் ஆண்டு?

'நிதியாண்டு' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் ஏற்படுவதுண்டு. வரவு செலவுக் கணக்கைத் தொடங்கி முடிப்பதற்கென அரசோ நிறுவனமோ வகுத்துக்கொண்ட பன்னிரண்டு மாதங்களே நிதியாண்டு. அது ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் ஏப்ரலிலும், அவுஸ்திரேலியாவில் ஜூலையிலும், அமெரிக்க மத்திய அரசுக்கு ஒக்டோபரிலும் அது தொடங்குகிறது.

இலங்கையிலோ இரண்டு ஆண்டுகள் அருகருகே ஓடுகின்றன. அரசின் வரவு செலவுத் திட்டம் ஜனவரி முதல் டிசெம்பர் வரையானது. வருமான வரிக்கான மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரையானது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தோடு, தனிநபர் வருமானத்தில் வரி விலக்குப் பெறும் தொகை ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சமாக உயர்ந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்துதான். '2025இல் வரிச்சலுகை' என்று மாத்திரம் தலைப்பிட்டால், ஜனவரிச் சம்பளத்துக்கும் அது பொருந்தும் என்றே வாசகர் எண்ணுவார்.

ஆகவே ஆண்டைக் குறிப்பிடுவது மட்டும் போதாது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதையும் பத்திரிகையாளர் எழுதவேண்டும். அதனால் கூடுவது அரைவரி. அந்த அரைவரியை மிச்சம் பிடிக்க நமக்கு உரிமையில்லை என்பதே என் கருத்து.