‘எல்லாம் லிமிட்டுக்குள்தான் இருக்கு!’ - குவாரி வெடியில் எந்தக் கணக்கை நம்புவது?

சென்னையைச் சுற்றி எழும்பும் அடுக்குமாடிகளுக்கும் சாலைகளுக்கும் ஜல்லி, எம்-சாண்ட் போகும் இடங்களில் ஒன்று காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரம். திருமுக்கூடல், பழவேரி, அரும்புலியூர் பக்கம் போனால் கல்குவாரியும் கிரஷரும் டிப்பர் லாரியும் தினசரிக் காட்சி.

குவாரி இருக்கும் எந்த ஊரிலும் நடப்பது ஒரே வாக்குவாதம்தான். “வெடி வெச்சா வீடே ஆடுது, செவுத்துல விரிசல் விடுது” என்பார்கள் ஊர்க்காரர்கள். “எல்லாம் லிமிட்டுக்குள்தான் இருக்கு” என்று பதில் வரும். அந்த லிமிட் எத்தனை? யார் வைத்தது? எங்கே நின்று அளந்தார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாவிட்டால், ‘லிமிட்டுக்குள்’ என்பது வெறும் பேச்சு.

எதை அளக்கிறார்கள்?

வெடியின் ஆற்றலில் ஒரு பகுதி பாறையை உடைக்காமல் நிலம் வழியாக அலையாகப் போகிறது. அந்த அலையில் நிலத்தின் துகள்கள் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் அசைகின்றன என்பதுதான் ‘உச்சத் துகள் வேகம்’. சுருக்கமாக பிபிவி. இது விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லப்படும்.

இதோடு அதிர்வெண்ணையும் பார்க்க வேண்டும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் லேசாகத் தொட்டாலும் உயரப் போகும், இல்லையா? வீடுகளும் அப்படித்தான். அவற்றின் இயல்பான ஆட்டம் குறைந்த அதிர்வெண்ணில் இருப்பதால், அந்த அதிர்வெண்ணில் வரும் அலை அதிகம் பாதிக்கும். ஆகவே, அதிர்வெண் சொல்லாமல் பிபிவி மட்டும் சொன்னால் அது பாதித் தகவல்தான்.

இந்தியாவில் எது அளவுகோல்?

சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎம்எஸ், 1997-ல் வெளியிட்ட 7-ம் எண் தொழில்நுட்பச் சுற்றறிக்கை. அதில் உள்ள வரம்புகள் (விநாடிக்கு மி.மீ.):

- குவாரி உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகள்: 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5, 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10, அதற்கு மேல் 15.
- வரலாற்றுச் சின்னங்கள், எளிதில் பாதிக்கப்படும் கட்டடங்கள்: அதே வரிசையில் 2, 5, 10.
- உரிமையாளருக்கே சொந்தமான வீடுகள்: 10, 15, 25.

மூன்றாவது வரிசையில் கவனம் தேவை. ஊராரின் வீட்டுக்கு இந்த வரிசையை எடுத்துக் காட்டினால், குறைந்த அதிர்வெண்ணில் வரம்பு இரண்டு மடங்காகிவிடும்.

இரண்டாவது வரிசை திருமுக்கூடலுக்கு நேரடியாகப் பொருந்தும். பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் இடத்தில் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் கோயில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை பற்றிய, 11-ம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு 5 என்றால் இந்தக் கோயிலுக்கு 2.

நெட்டில் கிடைக்கும் எண் போதாதா?

போதாது. அமெரிக்கச் சுரங்கத் துறையின் 1980-ம் ஆண்டு ஆய்வறிக்கை இணையத்தில் அதிகம் கிடைக்கும். குறைந்த அதிர்வெண்ணில் ஜிப்சம் பலகைச் சுவர் வீடுகளுக்கு அது சொல்லும் அளவு சுமார் 19 மி.மீ. அது அவர்கள் ஊர் வீடுகளைப் பார்த்து எழுதியது. செங்கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டிய நம்மூர் வீட்டுக்கு அதைக் காட்டி ‘சேஃப்’ என்று சொல்ல முடியாது.

வெடிமருந்து சம்பந்தப்பட்ட எல்லா இடத்திலும் இதுதான் பாடம். அமெரிக்கா போன்ற நாடுகளில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்காரர்கள் காலித் தோட்டாவில் தாங்களே மருந்து நிரப்பிக்கொள்வது உண்டு. புதிதாக வருபவருக்கு அங்கே முதலில் சொல்வது: மருந்து அளவை நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று எடுக்காதே; சோதித்து அச்சிட்ட கையேட்டைப் பார், இரண்டு கையேடுகளை ஒப்பிடு, குறைந்த அளவில் தொடங்கு. ஏனென்றால் கையேட்டுக்காரர் சோதித்த துப்பாக்கி வேறு, உன் துப்பாக்கி வேறு. (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

பாறையும் அப்படித்தான். தூரத்தையும் மருந்தின் எடையையும் வைத்து அதிர்வைக் கணிக்கச் சூத்திரம் உண்டு. ஆனால் அதில் வரும் இரண்டு மாறிலிகள் இடத்துக்கு இடம் மாறும். அந்தந்த குவாரியில் சோதனை வெடி வைத்து, கருவியில் அளந்துதான் அவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்து ரிப்போர்ட்டின் எண்ணை அப்படியே தூக்கிப் போட்டால் கணக்கு தப்பும்.

‘கொஞ்சம்தான் மருந்து வெச்சோம்’ என்றால்?

மொத்தம் எத்தனை கிலோ என்பதைவிட, ஒரே நேரத்தில் வெடிப்பது எத்தனை கிலோ என்பதுதான் அதிர்வைத் தீர்மானிக்கிறது. துளைகள் மில்லிவிநாடி இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தால் அதிர்வு குறையும். ஆகவே கேட்க வேண்டியது, ‘ஒரு டிலேவுக்கு அதிகபட்சம் எத்தனை கிலோ?’ என்பதே. தூரமும் முக்கியம். வழக்கமான பாறைக் கணக்கில், அதே மருந்துக்குத் தூரம் பாதியானால் அதிர்வு இரண்டு மடங்குக்கும் மேலே போகும்.

எந்தக் காகிதத்தைக் கேட்பது?

1. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம்: வெடி வைக்கும் முறை, நேரம், அதிர்வு அளவீடு பற்றிய நிபந்தனைகளை இதில் தேட வேண்டும். மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம்.
2. சுரங்கத் திட்டம்: துளையின் ஆழம், மருந்தின் அளவு, பக்கத்து வீடுகளின் தூரம் ஆகியவற்றை இதில் பார்க்கலாம்.
3. அரையாண்டு அறிக்கை: நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாக ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1-ல் குவாரி தரப்பு தாக்கல் செய்ய வேண்டும். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இது பொது ஆவணம். ‘கம்பெனி ரகசியம்’ என்று மறைக்க முடியாது.
4. அதிர்வு அளவீட்டு அறிக்கை: தேதி, நேரம், கருவி வைத்த இடம், தூரம், ஒரு டிலேவுக்கான மருந்து, பிபிவி, அதிர்வெண். இந்த ஏழும் இருக்கிறதா என்று பாருங்கள். கருவி குவாரி ஆபீஸ் வாசலில் இருந்ததா, உங்கள் வீட்டுப் பக்கம் இருந்ததா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்காதவற்றை, மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தூரத்துக்கும் விதி உண்டு. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-ன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது. ஆனால் ‘குடியிருப்பு’ என்பதை வருவாய்த் துறை ஆவணங்களையும், அங்கீகாரம் பெற்ற மனைகளையும் வைத்தே பார்ப்பார்கள். வயல் பட்டாவில் கட்டிய வீட்டுக்காரர் இதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எல்லா விரிசலுக்கும் வெடிதான் காரணமா?

இல்லை. மண் காய்ந்து சுருங்கினாலும், அஸ்திவாரம் இறங்கினாலும் சுவர் விடும். தவிர, மனித உடல் 1 மி.மீ.க்கும் குறைவான அதிர்வையே உணர்ந்துவிடும். வீடு ஆடியதாக உணர்வது உண்மை. சேதம் ஆகிவிட்டது என்பதற்கு அது மட்டுமே ஆதாரம் ஆகாது.

இதனால்தான் ஊர்க்காரர்களும் தங்கள் பக்கம் பதிவு வைத்திருக்க வேண்டியிருக்கிறது. புது குவாரி வரும் முன்பே, சுவர்களைத் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மாதம் ஒருமுறை படம் எடுங்கள். வெடி கேட்ட தேதி, நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ‘வீடு ஆடுது’ என்று மட்டும் எழுதாமல், ‘இந்தத் தேதி, இந்த நேர வெடிக்கான அளவீட்டு அறிக்கையைக் கொடுங்கள், அடுத்த வெடிக்கு எங்கள் வீட்டருகே கருவி வைத்து அளந்து காட்டுங்கள்’ என்று மனுவில் கேளுங்கள்.