மலிவான டயரும் மலைப் பாதையும்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர், மழை விட்டிருந்த ஒரு காலையில் எனது கடைக்கு வந்தார். "முதலாளி, நாலு டயர் வேணும். சீப்பா இருக்கணும், ஆனா கல்லுல வெட்டக் கூடாது. நல்லா பெரிய பெரிய கட்டை உள்ளதா, பார்த்தா பயப்படுற மாதிரி இருக்கணும்" என்றார்.

"யார் பயப்படணும் தம்பி, பாதையா, ஏத்திட்டுப் போற ஆக்களா?" என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் கேள்வியை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

தலவாக்கலையில் கடை வைத்திருப்பவனுக்கு இந்தக் கோரிக்கை புதிதல்ல. லிந்துலை, டயகம, மெராயா, பூண்டுலோயா என்று எந்தப் பக்கம் போனாலும் பிரதான பாதையை விட்டுத் திரும்பிய மறுகணமே கல்லும் சேறும்தான். அந்தத் தோட்டப் பாதைகளில் கொழுந்து போவதும், பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், இரவு நேரத்தில் பிரசவ வலி கண்ட பெண் லிந்துலை ஆஸ்பத்திரிக்குப் போவதும் இந்த ஜீப்களிலும் கெப்களிலும் லொறிகளிலும்தான். வாகனம் யாருடையதாக இருந்தாலும் அதில் ஏறுபவர்களின் உயிர் நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில் நிற்கிறது. அந்த ரப்பரைக் கொழும்பிலுள்ளவர் வாங்குவது போல இங்குள்ளவர் வாங்க முடியாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த விடயம்.

முதலில் 'பெரிய கட்டை' என்ற ஆசையைப் பார்ப்போம். சேற்றுக்கென்று செய்த டயரில் ரப்பர் கட்டைகளுக்கு இடையே அகலமான இடைவெளி இருக்கும். சேறு அந்த இடைவெளிக்குள் போய், சில்லு சுழலும்போது வீசப்பட்டு வெளியேறும். அதனால் அடுத்த சுற்றில் கட்டை மறுபடியும் மண்ணைப் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே இடைவெளியினால் தார்ப் பாதையில் நிலத்தைத் தொடும் ரப்பரின் அளவு குறைந்துவிடுகிறது. காய்ந்த பாதையில் சத்தம் மட்டும்தான் தொல்லை. மழையில் நனைந்த வழுவழுப்பான பாதையில், இறக்கத்தில் பிரேக் போட்டால் வாகனம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. எமது ஜீப்காரர்களின் நாள் எப்படிப்பட்டது? தோட்டத்திற்குள் மூன்று மைல் கல்லும் சேறும், பிறகு ஏ7 வீதியில் பத்து மைல் வழுவழு கார்ப்பட். சேற்று டயர் அந்த மூன்று மைலில் காப்பாற்றி, மிச்சம் பத்து மைலில் ஆளைக் கைவிடும்.

ஆகவே எமது பாதைகளுக்கு நடுத்தரமானதே போதும். சேற்று டயருக்கும் சாதாரண டயருக்கும் இடைப்பட்ட, 'ஓல் டெரெய்ன்' என்று விற்கப்படும் வகை. பழைய லேண்ட் ரோவர், ஜீப் வைத்திருப்பவர்களுக்கு, இராணுவ வாகனங்களில் பார்க்கும் கட்டை கட்டையான வெட்டு உள்ள பழைய நைலோன் டயர் இன்றும் கிடைக்கிறது. அதுவும் எமது கல்லுக்கு மோசமில்லை. காலையில் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரவு முழுவதும் குளிரில் நின்ற நைலோன் டயர் நிலத்தில் பட்ட இடத்தில் தட்டையாகிவிடும். முதல் ஒரு மைலுக்கு ஜீப் நொண்டிக் குதிரை மாதிரி 'டக் டக்' என்று குதிக்கும். சூடேறினால் சரியாகிவிடும். இதைப் பார்த்துப் பயந்து டயரைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் சண்டை பிடித்தவர்களும் உண்டு!

டயரின் பக்கவாட்டில் 'எம்.எஸ்.' என்று இரண்டு எழுத்துக்கள் இருப்பதைக் காட்டி விலையைக் கூட்டும் வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று டயரைச் செய்தவர் தானாகவே போட்டுக்கொள்ளும் அடையாளம். எந்தச் சோதனையிலும் தேறியதற்கான சான்றிதழ் அல்ல. நுவரெலியாவில் கூட உறைபனிதான் படிகிறது, பனி மழை பெய்வதில்லை. அந்த எழுத்துக்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அகலமும் அப்படித்தான். அகல டயர் போட்டால் ஜீப் கம்பீரமாக நிற்கும். ஆனால் எமது பாதைகளில் மேலே சேறு, அடியில் அந்தக் காலத்தில் கையால் பாவிய கல். ஒடுங்கிய டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழேயுள்ள கல்லைப் போய்ப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து லேண்ட் ரோவர்களில் 7.50-16 என்ற ஒடுங்கிய உயரமான டயர் இருந்தது காரணமில்லாமல் அல்ல. அகலம் கூடினால் ஸ்டியரிங் கனக்கும், பெயாரிங் சீக்கிரம் தேயும், டீசலும் கூடப் போகும்.

சரி, சேற்றை விட எமக்குப் பெரிய எதிரி கல். டயரின் அடிப்பாகத்தைக் கல் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. பக்கச் சுவரைத்தான் வெட்டும். ஆகவே கடையில் டயரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகாமல் பக்கத்தைப் படியுங்கள். அளவுக்கு முன்னாலோ பின்னாலோ 'எல்.டி.' என்று இருந்தால் அது பாரம் ஏற்றும் வாகனத்திற்கென்று தடித்த சுவரோடு செய்தது. ஒரே அளவில், எல்.டி. இல்லாத டயர் சில ஆயிரம் ரூபா குறைவாக இருக்கும். கொழும்பு வீதியில் ஓடும் சொகுசு ஜீப்புக்கு அது போதும், தோட்டப் பாதைக்குப் போதாது. நைலோன் டயராக இருந்தால் '6 பி.ஆர்.', '8 பி.ஆர்.' என்று போட்டிருப்பார்கள். உள்ளே ஆறு அல்லது எட்டு படை துணி இருக்கிறது என்று இன்றைக்கு அதற்கு அர்த்தமில்லை. பருத்தி நூல் பாவித்த காலத்தில் அப்படி எண்ணினார்கள். நைலோன் வந்த பிறகு குறைந்த படைகளிலேயே அந்தப் பலம் கிடைக்கிறது. ஆனாலும் எண் கூடக் கூட டயர் தாங்கும் பாரமும் கூடும் என்பது மாறவில்லை. அளவுக்குப் பின்னால் வரும் இரண்டு அல்லது மூன்று இலக்க எண்ணும் பாரக் கணக்குத்தான். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. ஆறு பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பன்னிரண்டு பேரை ஏற்றுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இனி வயது. இதில்தான் எமது மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன், எனது சொந்தக் கெப்புக்குக் கொழும்பில் ஒரு கடையில் நான்கு டயர் வாங்கினேன். விலை சொன்னதும் வாயடைத்துப் போனேன், அவ்வளவு குறைவு. கறுப்புப் பூச்சுப் பூசிப் பளபள என்று இருந்தது. வெட்டுகளும் ஆழமாக இருந்தன. ஆறு மாதம் போகவில்லை, வட்டகொடைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் முன் டயர் பக்கத்தால் வெடித்தது. வேகம் குறைவாக இருந்தபடியால் மதிலோடு போய் நின்றோம். இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அதன் பிறகுதான் பக்கத்திலுள்ள இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தேன். டயருக்கு வயது ஒன்பது!

அந்த இலக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். 'டி.ஓ.டி.' என்ற எழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு வரிசையும் இருக்கலாம், மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரப்பர் ஓடினால்தான் தேயும் என்பதில்லை. சும்மா கிடந்தாலும் காற்றும் வெயிலும் அதை இறுக வைக்கும், பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் வரும். வெட்டு ஆழமாக இருப்பது வயதை மறைக்கும் முகமூடி மட்டுமே. வயது தெரிந்துகொண்டே அதைச் சொல்லாமல் விற்கும் வியாபாரியைப் பற்றி நான் என்ன சொல்வது? பொருளின் குறையை வாங்குபவருக்குச் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்பது எமக்குத் தெரியாத சட்டமல்லவே.

'ரீபில்ட்' டயரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் அதற்கு எதிரியல்ல. தேய்ந்த டயரின் உடம்பு நன்றாக இருந்தால் மேலே புது ரப்பர் போட்டுப் பாவிப்பதில் தவறில்லை. லொறிகளும் பஸ்களும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் வேறு யாருடையவோ பழைய உடம்பில் போட்டதை வாங்காதீர்கள். நீங்களே ஓட்டிய, வெடிப்பும் ஒட்டும் இல்லாத உங்கள் டயரைக் கொடுத்துச் செய்வியுங்கள். அதையும் பின் சில்லுக்கு மட்டும் போடுங்கள். முன் சில்லு வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பணம் போதவில்லை என்று இரண்டு புது டயரும் இரண்டு பழைய டயரும் போட்டு ஓட்டுகிறார்கள். 7.50-16 டயர் ஒன்று ஒன்பது மில்லிமீற்றர் தேய்ந்தால், கிலோமீற்றருக்குப் புது டயரை விட ஒன்பது சுற்று அளவு கூடச் சுற்ற வேண்டும். பழைய ஜீப்களில் நான்கு சில்லையும் பூட்டி ஓட்டும்போது முன்னும் பின்னும் ஒரே சுற்றுத்தான் சுற்ற முடியும். சேற்றில் சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தார்ப் பாதையில் வழுக்க இடமில்லாமல் கியர்ப் பெட்டிக்குள் முறுக்கேறும். டயரில் மிச்சம் பிடித்த பணத்தை கராஜ்காரரிடம் கொடுக்க வேண்டி வரும். நான்கையும் ஒன்றாக வாங்க முடியாதவர் அடிக்கடி முன் பின் மாற்றிப் போட்டு நான்கையும் சமமாகத் தேயவிடுவது நல்லது.

வியாபாரக் கணக்குக்கு வருவோம். உதாரணத்திற்கு ஒரு டயர் 30,000 ரூபா, 20,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். கிலோமீற்றருக்கு ஒன்றரை ரூபா. 48,000 ரூபா டயர் 40,000 ஓடினால் ஒரு ரூபா இருபது சதம். எது மலிவு? இதை நான் கடையில் கடதாசியில் எழுதிக் காட்டுவேன். ஆனால் ஓர் உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கணக்கு விளங்காமல் யாரும் மலிவு டயர் வாங்குவதில்லை. கையில் 30,000 மட்டும்தான் இருக்கிறது, அதனால் வாங்குகிறார்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு போட்ட காலத்தில் டயருக்கு வரிசையில் நின்றோம். 2022இல் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தாண்டியது. அன்று ஏறிய விலை பழைய இடத்திற்கு இறங்கவே இல்லை. ஜீப் வாடகை அந்த அளவுக்கு ஏறியதா?

இதிலே ஒரு வேடிக்கை. ஆசியாவின் பெருந்தோட்ட ரப்பருக்கே தாய்வீடு எமது நாடுதான். 1876இல் பிரேசில் விதையிலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடையில் நட்டார்கள். 1952இல் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் அரசாங்கமே டயர்த் தொழிற்சாலை கட்டியது. அது பிறகு தனியார் கைக்குப் போய், இன்று இந்திய சியட் நிறுவனத்தின் பங்கோடு ஓடுகிறது. தொழிற்சாலை வாகனங்களுக்கான திண்ம டயரில் உலகச் சந்தையிலேயே எமக்குப் பெயருண்டு. அப்படியிருந்தும் தோட்டப் பாதைக்கு டயர் கேட்டு வருபவரிடம் நான் தாய்லாந்து, சீனா, இந்தியா என்றுதான் பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளூர் டயர் உங்கள் அளவில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். புதிதாகச் செய்ததாக இருக்கும், குறை இருந்தால் கேட்பதற்கும் ஆளிருக்கும்.

டயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பாதையைப் பற்றிப் பேசாவிட்டால் நியாயமில்லை. தோட்டப் பாதையை யார் செய்வது என்ற கேள்வியில் கம்பனி பிரதேச சபையைக் காட்டும், சபை கம்பனியைக் காட்டும். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டங்களுக்குள் பணம் செலவிட முடியாமல் சபைகளின் கைகள் கட்டப்பட்டிருந்தன. கட்டு அவிழ்ந்து இத்தனை வருடமாகியும் பல பாதைகளில் மாறியது ஒன்றுமில்லை. அதன்மேல் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைகளையே சரித்துவிட்டுப் போனது. பாதை போட வேண்டியவர்கள் போடாத ஒவ்வொரு மைலுக்கும் ஜீப்காரர் டயரால் வரி கட்டுகிறார். அவர் அதை வாடகையில் ஏற்றுகிறார். கடைசியில் கட்டுவது கொழுந்து பறிக்கும் பெண்.

முதலில் சொன்ன தம்பிக்கு அன்று சேற்று டயரை விற்றிருந்தால் எனக்கு இலாபம் கூட. விற்கவில்லை. நடுத்தர வகையில், எல்.டி. போட்ட, அந்த வருடத்திலேயே செய்த நான்கு டயர்களை எடுத்து வைத்தேன். இரண்டுக்குக் காசு தந்தார், மற்ற இரண்டுக்கும் மூன்று மாதத் தவணை. வட்டியுமில்லை, விலையில் கூட்டவுமில்லை. "கட்டை சின்னதா இருக்கே முதலாளி" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு தவணை வந்துவிட்டது. மூன்றாவதைக் கட்ட வரும்போது ஸ்பெயார் சில்லையும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதன் இலக்கத்தை இன்னும் நான் பார்க்கவில்லை.