ஆறாம் வகுப்பின் காலைப் பசி

பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசுவதில் தமிழகத்திற்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளித்ததையும், 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பியதையும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்ததையும் மேடைதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் நண்பகலுக்கு முன்னே காலை என்று ஒன்று உண்டு என்பதை நெடுநாள் எண்ணிப் பார்த்தோமில்லை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதுதான் அவ்வெண்ணம் செயலாயிற்று. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் அவ்விரிவின்போதும் ஐந்தாம் வகுப்பு என்னும் எல்லைக்கோடு மாறவில்லை.

அக்கோடு எங்கே உறுத்துகிறது என்பதை நடுநிலைப் பள்ளிக்குச் சென்றால் காணலாம். ஒன்று முதல் எட்டு வரை ஒரே கட்டடம். நான்காம் வகுப்புத் தங்கை தாழ்வாரத்தில் அமர்ந்து பொங்கல் உண்கிறாள். ஆறாம் வகுப்பு அண்ணன் தூணருகே நின்று அவள் உண்டு முடிக்கக் காத்திருக்கிறான். இருவரும் புறப்பட்டது ஒரே வீட்டிலிருந்து. அந்த வீட்டில் அடுப்பு மூட்டப்படவில்லை. உடல் விரைந்து வளரத் தொடங்கும் பதினோராம் வயதில் தட்டைப் பறிப்பது என்ன கணக்கோ, நமக்கு விளங்கவில்லை.

சென்னையில் பகுதிக்குப் பகுதி இப்பசி வெவ்வேறு உடை உடுத்துகிறது. இராயபுரம், காசிமேட்டுப் பக்கம் விடியுமுன் மீன் வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளையின் கையில் பத்து ரூபாய் வைத்துச் செல்கிறாள். அது தேநீரும் பன்னுமாகிறது. தெருவோரத்து அக்காவிடம் இட்டிலியாக மாறினால் அன்று பிள்ளைக்கு நல்ல நாள். வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து திரும்பியோர் கொணர்ந்த அத்தோ மாலைப் பசியை ஆற்றுகிறது. அண்ணா நகரில் குறை வேறு. அங்கே வீட்டில் எல்லாம் உண்டு, நேரம் இல்லை. பள்ளி வேன் ஒலி எழுப்ப, பாதிக் குவளைப் பாலோடு ஓடும் பிள்ளை, இடைவேளையில் உறைப் பண்டத்தைப் பிரிக்கிறது. நம்மைக் கேட்டால், அக்கா கடை இட்டிலி உண்ட பிள்ளையே இவ்விருவரில் மேலாக உண்டவன் என்போம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கலாகாது என உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. நம் தெருப் பெட்டிக்கடையில் தொங்கும் சரங்களை அளக்க இன்னும் ஒருவரும் நாடாவோடு வரக் காணோம்.

உணவைப் பேசுவோர் பருகுவதைப் பேசுவதில்லை. நம் வீட்டு மகள் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டில் தண்ணீர்ப் புட்டி நாள்தோறும் நிரம்பியபடியே வீடு திரும்பியது. சோம்பல் என்று கடிந்தோம். பிறகுதான் அவள் அன்னையிடம் சொன்னாள்: பள்ளிக் கழிப்பறைக்குச் செல்ல மனம் ஒவ்வாமையால் தண்ணீரே குடிப்பதில்லையாம். கடிந்ததற்கு வெட்கினோம். வெறும் வயிற்றில் தேநீர், பகலெல்லாம் தண்ணீரின்மை. இவ்வாறு எத்தனை பெண்மக்கள் இருக்கின்றனரோ! உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கும் என்பது மருத்துவர் கூற்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர்கள். பதினைந்தாம் பிறந்த நாளன்று திடீரென முளைக்கும் குறையன்று அது.

இனி நம் தெருவுக்கு வருவோம், பெரியோர் பொறுத்தருள்க. மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் நம் பிள்ளைகள் விடியலில் ஓதச் செல்கின்றனர். ஓதி முடித்து வந்து சீருடை மாற்றிப் பள்ளிக்கு ஓடும் இடைவெளியில் உண்ண நேரமேது? கடைத் தேநீரில் நனைத்த பட்டர் பன்னே பலர்க்கும் காலை உணவு. பிள்ளை ஓதியதா என்று கேட்கும் நாம், உண்டதா என்று கேட்பதில்லை. வகுப்பில் மணிமேகலையின் அமுதசுரபியை நயம்பட நடத்துகிறோம். நம் தெருவிலோ பள்ளிவாசல் தோறும் அமுதசுரபி இருக்கிறது. ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சாக்களையே சொல்கிறோம். முப்பது நாள் உழைத்துவிட்டு எஞ்சிய பதினொரு மாதமும் அவை பின்கட்டில் கவிழ்ந்து கிடக்கின்றன.

அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப் பால். கறி சேர்க்காமல் காய்ச்சினால் எவ்வீட்டுப் பிள்ளையும் அருந்தலாம். நோன்புக் காலத்தில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் அண்டை வீட்டுச் சகோதர சமயத்தார்க்கும் அச்சுவை புதிதன்று. பள்ளி நாள்களில் மட்டும், ஆறு முதல் எட்டு வரை பயிலும் பிள்ளைகளுக்கு ஒரு கிண்ணம். பெண்மக்களுக்குத் தனி வரிசை, குடிக்க நல்ல தண்ணீர், தூய்மையான கழிப்பறை ஆகியவற்றையும் ஜமாஅத்தார் உடன் ஏற்பாடு செய்தல் வேண்டும். செலவுக்கு வழி என்ன என்பர். ஒரு திருமண விருந்தில் எஞ்சிக் கொட்டப்படும் பிரியாணியைக் கண்டவர்கள் அவ்வினாவை நம்மிடம் கேட்க மாட்டார்கள்.

சென்ற மாதம் நம் தெருவில் கஞ்சி காய்ச்சும் பாயிடம் இதைச் சொன்னோம். சற்றே யோசித்தார். "பஜ்ருக்கு அடுப்பு மூட்டினால் ஏழரைக்குக் கஞ்சி இறங்கிவிடும் சார். தேக்சா கழுவத்தான் ஆள் வேண்டும்" என்றார். நம் துறை மாணவர் இருவர் தாம் வருவதாகக் கூறியுள்ளனர்.