புகையில்லா மோட்டாரும் புகை நிறைந்த லயனும்

மின்சார மோட்டார் வந்துவிட்டது. இனிக் காற்றுக்கு மாசில்லை, மலைக்குக் கேடில்லை என்று ஒரு புதிய பஜனை தொடங்கியிருக்கிறது. ஏறத்தாழ ஐந்தாண்டுத் தடைக்குப் பின், 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்குக் கதவு திறந்த நாள் முதலாக அதன் தாளம் உரத்து ஒலிக்கிறது. பஜனையில் நம் ஆசிரிய நண்பர் சிலரும் கலந்துகொண்டிருப்பதாலேயே இதை எழுத நேர்ந்தது.

ஹல்துமுல்லைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் 'மின்மோட்டார் நாட்டுக்கு நன்மையே' என்ற பொருளில் மாணவர்க்கு விவாதம் வைத்தோம். பேச வேண்டிய மாணவியொருத்தி எழுந்து, "சேர், எங்க தோட்டத்துக்கு பஸ்ஸே வர்றதில்ல. எந்தக் காரு நல்லதுன்னு நாங்க எதுக்குப் பேசணும்?" என்றாள். வகுப்பு சிரித்தது. தலைப்பைத் தெரிவு செய்தவர்கள் நாமாகையால் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

மோட்டாருக்குப் பின்னால் புகைக்குழாய் இல்லை, உண்மை. அந்தக் குழாய் நுரைச்சோலையில் நிற்கிறது. அங்கே 900 மெகாவாற் நிலையம், கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியை இரவு பகலாக எரிக்கிறது. அதன் சாம்பலும் தூசியும் தம் தோட்டங்களிலும் கிணறுகளிலும் படிவதாக அவ்வூரார் முறையிட்டு ஓய்ந்தபாடில்லை. சூரிய ஒளி இருக்கிறதே என்பர். இருக்கிறது. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, பகலில் மின்சாரம் மிகுந்து போயிற்றென்று, கூரைச் சூரியக் கலங்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பகலில் மிகுந்ததைத் தேக்கி வைக்க வழியில்லை. மோட்டார்காரரோ அலுவலகம் முடிந்து மாலையில் வீடு வந்து, நாடு முழுவதும் விளக்கேற்றும் அதே வேளையில், தம் வண்டியையும் கம்பியில் மாட்டுகிறார். அவ்வேளையில் எரிவது சூரியனல்ல, கரியும் எண்ணெயுமே.

நீர்மின்சாரம் தூய்மையானது என்று நாமும் வகுப்பில் கற்பித்தவர்களே. உமா ஓயாத் திட்டம் அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதிவிட்டது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்ட அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது, 120 மெகாவாற். அதற்காக மலையின் வயிற்றைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைச் சுற்றாடலில் தலைமுறை தலைமுறையாக வற்றாத கிணறுகள் வற்றின, ஊற்றுக்கண்கள் அடைந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளில் சுவர்கள் வெடித்தன. 2017இல் ஊவாவின் உழவரும் கடைக்காரரும் பிக்குகளும் பண்டாரவளை வீதியில் இறங்கினர். குடத்தைத் தூக்கிக்கொண்டு பவுசர் வண்டிக்குக் காத்திருந்த பெண்களிடம் போய், இது மாசற்ற மின்சாரம் என்று சொல்லிப் பார்க்கட்டும்! மலையகத்து ஆறுகளையும் பள்ளத்தாக்குகளையும் தந்து கொழும்புக்கு வெளிச்சம் ஊட்டியது 1950இல் லக்சபானையோடு தொடங்கிய பழைய கதை. அந்த வெளிச்சம் லயன் அறைக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வந்த மின்சாரமும் நைந்த கம்பியில் ஓடுகிறது. மின்னொழுக்கால் லயன் வரிசைகள் எரிந்த செய்தி நமக்குப் புதிதல்ல.

இனிப் பற்றரி. உலகின் கோபால்ற்றில் பெரும்பங்கு கொங்கோவிலிருந்து வருகிறது; அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் மண் சுமக்கிறார்கள். லித்தியத்துக்காகச் சிலியின் அத்தக்காமாப் பாலைநிலத்து உவர்நீரை உறிஞ்சுகிறார்கள். பற்றரியின் இன்னொரு முனைக்கு வேண்டிய காரீயம் நம் போகலையிலும் கஹட்டகஹவிலும் கிடைக்கிறது. மூலப்பொருளாய் ஏற்றுவதும் முடிந்த பண்டமாய் இறக்குவதும்தானே நமக்கு விதித்த பங்கு. தேயிலையிலும் இதையே கண்டோம்.

நடைமுறையைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து ஹப்புத்தளைக்கு வர ஏறத்தாழ 1,400 மீற்றர் உயர வேண்டும். 1,600 கிலோ மோட்டாரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 6 யூனிற் மின்சாரம் வேண்டும். இது பத்தாம் வகுப்புக் கணக்கு. வீதியின் நீளத்துக்கு ஆவது வேறு. இறக்கத்தில் ஒரு பங்கு திரும்பும் என்பது சரியே. ஆனால் ஏறினால்தானே இறங்கலாம்! 2015ஐ அண்டிய ஆண்டுகளில் ஜப்பானில் ஓடித் தேய்ந்த நிசான் லீஃப் கார்கள் நம் நாட்டில் வந்திறங்கின. புதிதாயிருந்தபோதே 24 யூனிற் கொள்ளும் பற்றரி அவற்றுக்கு. வெப்பத்தைத் தணிக்கும் நீர்க்குழாய் ஏற்பாடும் கிடையாது. அதில் பாதி கொள்ளளவு தேய்ந்தபின் பெரகலை ஏற்றம் அவற்றுக்கு இமயமலைதான். செத்த பற்றரிகள் எந்தக் குப்பைமேட்டில் போய்ச் சேரும் என்று விற்பவரும் சொல்லவில்லை, வாங்குபவரும் கேட்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தபோது வீதியும் அறுந்தது, மின்கம்பியும் அறுந்தது. பெற்றோலையாவது கானில் தோளில் சுமக்கலாம். மின்சாரத்தை எதில் சுமப்பது?

இந்த மோட்டார்களுக்கு டொலர் எங்கிருந்து வந்தது? 2024இல் தேயிலை ஈட்டித் தந்தது ஏறத்தாழ 140 கோடி டொலர். 2025இல் வாகன இறக்குமதிக்குப் போனது நூறு கோடி டொலருக்கு மேல். அத்தனையும் மின்மோட்டார்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். கொழுந்து பறிப்பவளுக்கு 2024 செப்டம்பரில் நாட்கூலி 1,350 ரூபா என வர்த்தமானி வந்தது; 2026 வரவுசெலவுத் திட்டம் 1,750 ரூபா என்றது. ஒரு கோடி ரூபாவை நெருங்கியும் தாண்டியும் விலைபோகும் மோட்டாரொன்றுக்கு, உண்ணாமல் உடுக்காமல் அவள் 5,700 நாள் பறிக்க வேண்டும். அவளுடைய அடுப்பில் இன்னமும் ஈரவிறகுதான் புகைகிறது. அந்தப் புகையை அளக்க எவரும் கருவி கொண்டு வருவதில்லை.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆயுட்காலம் முழுவதையும் கணக்கிட்டால் மின்மோட்டார் பெற்றோல் மோட்டாரைவிடக் குறைவாகவே கரியை வெளியேற்றும். 2022இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற நாம் அதை மறுப்பது மூடத்தனம். ஒருவருக்கு ஒரு மோட்டார் என்ற முறையைத் தொடாமல், அதன் வயிற்றை மட்டும் மாற்றிவிட்டு, பூமியைக் காத்துவிட்டோம் என்று மார்தட்டுவதையே எதிர்க்கிறோம். ஐம்பது பேரை ஏற்றும் பஸ்ஸுக்கு மின்சாரம் போகட்டும், ரயிலுக்குப் போகட்டும், பகலில் வீணாகும் சூரிய ஒளியில் அவை டிப்போவில் நின்று ஊட்டம் பெறட்டும். வரிச்சலுகை தருவதானால் அதற்குத் தரட்டும்.

அந்த மாணவி காலை ஐந்தரைக்கு லயனை விட்டுப் புறப்படுகிறாள். பிரதான வீதிக்கு நாலு கிலோமீற்றர். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாளாம். அவளுடைய தோட்டத்து வீதிக்கு முதலில் தார் போடுங்கள். ஒரு பஸ்ஸை விடுங்கள். அது டீசலில் ஓடுமா மின்சாரத்தில் ஓடுமா என்ற விவாதத்தை அடுத்த தவணையில் வைத்துக்கொள்கிறோம்.