குப்பைமேனி குப்பையா?

கச்சாங் பூத்தே வாங்கப் புந்தோங்குக்கு வருவோர் பலர். அங்கு வேலியோரத்தில் தானாக முளைத்து நிற்கும் குப்பைமேனியைக் கவனிப்போர் மிகச் சிலரே. இதன் வேரைக் கண்டால் பூனைகள் மயங்கிப் புரளும். ஆகவே, தமிழில் இதற்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. மலாய்மொழியில் கூச்சிங் காலாக் என்பர்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் இதன் இலையை மஞ்சளோடும் உப்போடும் அரைத்துச் சிரங்கின்மேல் பூசினர். இக்கைவைத்தியத்தை மூடநம்பிக்கை என ஒதுக்குவது தவறு. ஆராயாமல் ஏற்பதும் தவறு என்பதே என் கருத்து.

முதலாவதாக, ஆய்வுக்கூடச் சோதனைகள் பாட்டிமாரின் அனுபவத்தை ஓரளவு ஆதரிக்கின்றன. பாக்டீரியா வளர்க்கப்படும் தட்டில், இலைச்சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை வைப்பர். வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் தோன்றினால், அங்குப் பாக்டீரியா வளரவில்லை என்பது பொருள். புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபிலோகோக்கஸ் ஓரியஸ் பாக்டீரியாவைக் குப்பைமேனிச் சாறு இவ்வாறு தடுத்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய மருந்துகளுக்குப் பாக்டீரியாக்கள் அடங்க மறுக்கும் இக்காலத்தில் இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

ஆயினும், தட்டில் நடப்பதெல்லாம் உடலில் நடந்துவிடாது. எந்த அளவு குணப்படுத்தும், எந்த அளவு கெடுக்கும் என்பதை அவ்வளையம் கூறாது. மேலும், சொறிநோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. நோயின் காரணம் அறியாமல் மருந்திடுவது வீண்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனி கலந்த மூலிகைக் கஞ்சியைக் குடித்ததால், அவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996இல் பதிவு செய்தனர். நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு இக்குறைபாட்டைச் சோதிக்கின்றனர். அச்சோதனையின் முடிவு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘இயற்கையானது, தீங்கு செய்யாது’ என்னும் பேச்சு உயிருக்கே உலை வைக்கலாம்.

சீன அறிவியலாளர் தூ யூயூ, பழைய மருத்துவ நூல் கூறிய மூலிகையைச் சோதித்து மலேரியாவுக்கு மருந்து கண்டார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் முன்னோரை மதித்தார். அதே வேளையில், அவர்கள் கூற்றைச் சோதிக்கவும் செய்தார்.

எனவே, மாணவர்களே, பாட்டியிடம் செடியின் பெயரையும் பயனையும் கேட்டுக் குறித்து வையுங்கள். உட்கொள்ளும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சோதித்து அறிவதே முன்னோருக்கு நாம் செய்யும் மரியாதை.