பட்டாளத்துப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஆள் உண்டா?

எடப்பாடியிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவன் யார்? தறிப்பட்டறை முதலாளியின் மகன் போவதில்லை. கூலிக்குத் தறி ஓட்டுகிறவன் மகனும், பருத்தி எடுக்கப் போகிறவள் மகனும்தான் விடியுமுன் எழுந்து 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பழகுகிறார்கள். ஆள் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் தெருவே மிட்டாய் வழங்குகிறது. 2022-ல் கொண்டுவந்த அக்னிவீர் திட்டப்படி அது நான்கு வருஷ வேலைதான், அதற்குமேல் நிலைப்பவர்கள் நூற்றுக்கு 25 பேருக்கு மிகமாட்டார்கள் என்பது வேறு கதை. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இன்று நாம் கேட்பது இது: அந்தப் பையன் மீது ஒரு குற்றச்சாட்டு வந்தால் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்?

ஆலையில் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. மெஷினை நிறுத்தினாய், மேஸ்திரியை எதிர்த்துப் பேசினாய் என்று சார்ஜ் ஷீட் வந்தால் தொழிலாளி நேரே சங்க ஆபீசுக்கு வருகிறான். பதில் எழுதித் தருகிறோம். விசாரணையில் சங்கத்துத் தோழர் கூட உட்காருகிறார். நிர்வாகத்தின் சாட்சி உளறினால் உடனே குறித்துக்கொள்கிறார். இந்த உரிமையை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, போராடி வாங்கினோம். பட்டாளத்தில் சங்கம் வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அரசியல் சட்டத்தின் 33-வது ஷரத்து, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் தருகிறது.

1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தில் பல வகை ராணுவ கோர்ட்டுகள் உண்டு. அவற்றில் சாதாரணச் சிப்பாய் அதிகம் பயப்பட வேண்டியது 'சம்மரி கோர்ட் மார்ஷல்' என்ற சுருக்க விசாரணை. அங்கே கமாண்டிங் ஆபீசர் ஒருவரே கோர்ட்டு. இன்னும் இரண்டு பேர் கூட இருப்பார்கள், ஆனால் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கு கிடையாது. அவர் லெப்டினென்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவரானால் ஒரு வருஷம் வரை சிறை விதிக்கலாம், வேலையிலிருந்தும் நீக்கலாம். மேலே யாரும் உறுதி செய்யக் காத்திராமல் தண்டனையை உடனே நிறைவேற்றலாம். டிஸ்மிஸ் ஆனவனுக்குப் பொதுவாகப் பென்ஷனும் போய்விடும். இந்த விசாரணை ஆபீசர்களுக்குக் கிடையாது, சுபேதார்களுக்கும் கிடையாது. கீழே இருப்பவனுக்கு மட்டும்தான்! 1857 எழுச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாயை அடக்கி வைக்க வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு இது. அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஏற்பாடு போகவில்லை.

இது எப்படி நடக்கும் என்பதற்கு ரஞ்சித் தாக்கூர் வழக்கைப் பாருங்கள். அவர் சிக்னல் படையில் ஒரு சிப்பாய். கமாண்டிங் ஆபீசர் தம்மைக் கொடுமை செய்கிறார் என்று மேலதிகாரிகளுக்கு நேராக மனு எழுதினார். அதற்கு 28 நாள் கடுங்காவல். காவலில் இருக்கும்போது, 1985 மே 29-ந் தேதி, சாப்பிடச் சொல்லி உத்தரவிட்டும் சாப்பிடவில்லை என்று இன்னொரு குற்றச்சாட்டு. மறுநாளே விசாரணை. விசாரித்தவர்களில் யார் மீது மனு எழுதினாரோ அந்த ஆபீசரும் ஒருவர்! தண்டனை ஒரு வருஷம் கடுங்காவல், வேலை நீக்கம். சாப்பிடாததற்கு ஒரு வருஷம். 1987 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்து, சம்பளப் பாக்கியோடு வேலையைத் திருப்பித் தந்தது. இன்னார் என்னை விசாரிக்கக் கூடாது என்று ஆட்சேபிக்க அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை, செய்த காரியத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

டில்லி வரை போக அவரால் முடிந்தது. எத்தனை பேரால் முடியும்? தறிக் கூலியில் வட்டி கட்டுகிற குடும்பம் சுப்ரீம் கோர்ட்டு வக்கீலுக்கு எங்கே போகும்?

ஆகவே தொடக்கத்திலேயே துணை வேண்டும். தோழர்களே, அந்தத் துணைக்குச் சட்டத்திலேயே ஒரு சிறு வாசல் இருக்கிறது. 1954-ம் வருஷத்து ராணுவ விதிகளில் 129-வது விதியைப் பாருங்கள். சுருக்க விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவன் தனக்கு ஒரு 'நண்பனை' வைத்துக்கொள்ளலாம். அவர் வக்கீலாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். யோசனை சொல்லலாம், சாட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் காதில் சொல்லலாம். ஆனால் அவரே எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது, கோர்ட்டைப் பார்த்துப் பேசக் கூடாது. வாயைக் கட்டிவிட்டுத் துணைக்கு உட்கார் என்கிற விதி! இருந்தாலும் உட்கார இடம் உண்டு.

உட்காருகிறவருக்கு வேலையும் உண்டு. குற்றச்சாட்டைத் தெரிவித்ததற்கும் விசாரணை தொடங்குவதற்கும் நடுவே 96 மணி நேரமாவது இருக்க வேண்டும், போர்ப்பணியில் 24 மணி. அந்த நேரம் கொடுத்தார்களா? சாட்சியங்களின் தொகுப்பு பையன் கையில் வந்ததா? "ஒப்புக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாராவது தோளில் தட்டினார்களா? ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்கிச் சொல்வதும், சாட்சியத்தைப் பார்த்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று தோன்றினால் அதைத் திரும்பப் பெறச் சொல்வதும் கோர்ட்டின் கடமை என்று விதியே சொல்கிறது. இந்தி புரியாத இருபது வயசுப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? வெளியே இருக்கும் நாம் போனிலாவது சொல்ல வேண்டும்.

சிப்பாய்க்காக ஜனங்கள் நின்ற காலம் உண்டு. 1930-ல் பெஷாவரில் நிராயுதபாணியான பட்டாணியர்களைச் சுட மறுத்த கார்வாலிப் படையினருக்காக பாரிஸ்டர் முகுந்தி லால் வாதாடினார். அவர்களின் தலைவர் சந்திர சிங் பிற்பாடு நம் கட்சிக்கே வந்தார். 1945-ல் செங்கோட்டையில் நேதாஜியின் படையினரை விசாரித்தபோது பூலாபாய் தேசாய் வாதாடினார், வெளியே நாடே கொதித்தது.

இன்றைய நிலைமை முழுக்க இருட்டல்ல. 2009 முதல் ராணுவத் தீர்ப்பாயம் இயங்குகிறது, சென்னையிலும் அதன் கிளை உண்டு. அவசரம் என்று சொல்லத்தக்க கடுமையான காரணம் இருந்தாலொழிய சுருக்க விசாரணை நடத்தக் கூடாது என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. 2025 ஜூலை 26-ந் தேதி தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் படையினர் குடும்பங்களுக்கு ஒரு உதவித் திட்டம் தொடங்கியது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைப்பது அதில் ஒரு அம்சம். ஆனால் அதில் பெரிதாகப் பேசப்படுவது ஊரிலுள்ள நிலத் தகராறு, குடும்ப வழக்கு. எல்லையில் நிற்பவனுக்கு அதுவும் வேண்டியதுதான். பட்டாளத்துக்குள்ளே கூண்டில் நிற்பவனுக்கு?

சேலம் மாவட்ட மையத்தில் அமரும் சட்டத் தன்னார்வலர்களுக்கு ராணுவ விதிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், விதிப் புத்தகத்தைத் தமிழில் தர வேண்டும் என்று கேட்போம். கூடவே, 'நண்பனின்' வாய்க்கட்டை அவிழ்க்கும்படி 129-வது விதியைத் திருத்தச் சொல்லி சர்க்காருக்கு எழுதுவோம். விசைத்தறி சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடட்டும். அதற்குமுன், உங்கள் தெருவில் பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீடு எது என்று பார்த்து, சங்க ஆபீசின் போன் நம்பரை அந்தத் தாயிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள்.